எருமைப் பேனும் லலிதா நகரும்

லலிதா நகரில் யார் தலையிலும் பேன் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் வருஷம் ஆகஸ்ட் மாதம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் இது முறைப்படி பதிவாகி, ஏகமனதாக நிறைவேறியிருக்கிறது. ஏகமனதாக என்றால் ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் அபிதகுஜாம்பாள். அவளுடைய ஆட்சேபம் புத்தகத்தில் ஏறவில்லை. செயலாளரின் பேனாவில் அந்த நேரம் பார்த்து மை தீர்ந்துவிட்டது.

லலிதா நகர் தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர் தாண்டி, நெல் வயலாக இருந்து மனைகளாகப் பதவி உயர்வு பெற்ற இடம். நாற்பத்திரண்டு வீடுகள். ரயில்வே, வங்கி, இன்ஷூரன்ஸ், பள்ளிக்கூடம் என்று காலை எட்டு மணிக்குள் எல்லோரும் டிபன் பாக்ஸோடு மின்சார ரயிலுக்கு ஓடிவிடுவார்கள். மழைக்காலத்தில் மட்டும் வயல் தன் பழைய ஞாபகத்தில் முழங்கால் அளவு தண்ணீரை வரவழைத்துக்கொள்ளும். மற்றபடி கௌரவமான காலனி.

அந்தக் கௌரவத்துக்கு முதலில் உலை வைத்தவள் அபிதகுஜாம்பாள்தான் என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. வீட்டில் அவளுக்குப் பெயர் அபிதம். அறுபத்தாறில் சென்னையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்தாள். பட்டத்துக்காக அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, பறவைப் பேன்கள். செத்துக் கிடக்கும் காக்கை, மைனா, புறாவைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து, இறகு இறகாக விலக்கிப் பார்ப்பாள். அதில் அவளைப் பிடித்து ஆட்டியது குயில். குயில் காக்கையின் கூட்டில் பொரிந்து, காக்கை ஊட்டியதைத் தின்று வளர்கிறது. ஆனாலும் அவள் பார்த்த மூன்று வளர்ந்த குயில்களின் மேலும் காக்கைப் பேன் ஒன்றுகூட இல்லை. குயில் இனத்துக்கென்றே உள்ள பேன்தான் இருந்தது. வளர்த்தவள் வீட்டில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பேனை மட்டும் சொந்த ஜாதியிலிருந்து தேடிப் பிடித்துக்கொள்கிறதே, எப்படி? இதைத் துருவிப் பார்க்கப் பேராசிரியர் மேல்படிப்புக்கு ஓர் இடமும் வாங்கிக் கொடுத்தார்.

அதற்குள் பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

“பொண்ணு ஏதோ ஆராய்ச்சி பண்றாளாமே, எதைப் பத்தி?” என்று பிள்ளையின் அம்மா கேட்டாள்.

அபிதத்தின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “பேன்...” என்று முனகினார்.

“பெண்களைப் பத்தியா? பேஷ். குடும்பத்துக்கு உபயோகமா இருக்கும்.”

அப்பா திருத்தவில்லை. முகூர்த்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்த மருமகளின் பெட்டியில் பேன் போட்டு அடைத்த முப்பது கண்ணாடிக் குழாய்கள் இருந்ததைக் கண்டுபிடித்தபோது மாமியாருக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. கல்லூரியில் அவளுக்காக வைத்திருந்த இடம் வேறொரு மாணவருக்குப் போயிற்று. அவர் நண்டைப் பற்றி எழுதி டாக்டரானார். நண்டைப் பற்றி யாரும் முகம் சுளிப்பதில்லையே.

கணவர் பட்டாபிராமன் ரயில்வே கணக்கு அலுவலகத்தில் வேலை. செய்தித்தாளை டெண்டர் அறிவிப்பு வரைக்கும் படிக்கிற சாது. அபிதம் குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை ஆனாள். பிளஸ் டூ வந்த பிறகு விலங்கியல் முழுவதும் அவள் கையில். ஒட்டுண்ணிகள் என்று பாடப் புத்தகத்தில் இரண்டரைப் பக்கம் இருந்ததை அவள் மூன்று வாரம் நடத்துவாள். பள்ளிக்கூடம் தன் கடமையைச் செய்து ‘பேன் டீச்சர்’ என்று பட்டம் சூட்டியது. மேல்படிப்புதான் கிடைக்கவில்லை, பட்டமாவது கிடைத்ததே என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

எண்பத்தேழு கோடை விடுமுறையில் லலிதா நகருக்கு எங்கெங்கிருந்தோ உறவுக்காரக் குழந்தைகள் வந்து, ஒரே பாயில் புரண்டு, ஒரே சீப்பில் தலை வாரிக்கொண்டு திரும்பின. ஜூலையில் நாற்பத்திரண்டு வீடுகளிலும் ஒரே நமைச்சல். ஆனால் யார் வீட்டிலும் பேன் இல்லை. ‘சூடு’ என்றார்கள். ‘எண்ணெய் ஒத்துக்கலை’ என்றார்கள். சீத்தாப்பழக் கொட்டையை அரைக்கும் வாசனை மட்டும் தெரு முழுக்க வந்தது.

சங்கச் செயலாளர் ராஜகோபாலன் வங்கி அதிகாரி. அவருடைய மூத்த பெண் கிருபாவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். ஆவணியில் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். பிள்ளை மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். இந்த நேரம் பார்த்து அந்தப் பின்னலுக்குள் குடித்தனம் ஏறிவிட்டது. ராஜகோபாலன் ஒரே நாளில் காரணத்தைக் கண்டுபிடித்தார். இரண்டாவது தெருக் கோடியில் தாயாரம்மாளின் எருமைக் கொட்டகை.

தாயாரம்மாளின் மாமனார்தான் அந்த வயல்களை மனை போட்டு விற்றவர். ஒரே ஒரு மனையை மட்டும் அவள் விடாமல் வைத்துக்கொண்டு, ஐந்து டெல்லி எருமைகளைக் கட்டியிருந்தாள். காலனிக்கு முன்னால் வந்தவள். காலனியின் பார்வையில் அதுதான் அவள் செய்த ஆக்கிரமிப்பு.

நகராட்சிக்கு மனு தயாராயிற்று. ‘மேற்படி எருமைகளின் உடலிலிருந்து பேன்கள் காற்று மூலமாகவும் காக்கைகள் மூலமாகவும் பரவி, குடியிருப்போரின் சுகாதாரத்துக்குப் பெரும் பங்கம் விளைவிப்பதால்...’ நாற்பத்தோரு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். முக்கால்வாசிப் பேர் அதே எருமைகளின் பாலில் கலந்த காலைக் காப்பியைக் குடித்துவிட்டு, தெம்பாகப் போட்டார்கள். நாற்பத்திரண்டாவது கையெழுத்துக்கு ராஜகோபாலனே நேரில் வந்தார்.

“மாமி, நீங்க ஜுவாலஜி. உங்க கையெழுத்தும் விழுந்துட்டா கேஸ் ஸ்ட்ராங் ஆயிடும்.”

அபிதம் மனுவை இரண்டு தடவை படித்தாள். “பேனைப் பார்த்தேளா?”

“எந்தப் பேன்?”

“எருமையிலேர்ந்து வந்ததுன்னு எழுதியிருக்கேளே, அந்தப் பேன்.”

“அதையெல்லாம் பார்க்கணுமா என்ன? ஊருக்கே தெரியும்.”

“பார்த்துட்டுப் போடறேன்” என்றாள் அபிதம். ராஜகோபாலன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார். பட்டாபிராமன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் முகத்தில் அவர் பார்த்ததில்லை. பயந்து போய் மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. ஒரு பூதக்கண்ணாடி, இடுக்கி, ஸ்பிரிட் ஊற்றிய இரண்டு குழாய் சகிதம் அபிதம் கொட்டகைக்குப் போனாள். தாயாரம்மாள் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

“வாம்மா டீச்சர். நீயும் கையெழுத்து வெச்சிட்டியா?”

“இன்னும் இல்லை. மாட்டைப் பார்க்கணும்.”

“பாரேன். அதுங்களுக்கு இன்னா வெக்கமா?”

காது மடலின் அடியிலும் கழுத்து மடிப்பிலும் வால் நுனியிலும் தேடினாள். கிடைத்தது. சாம்பல் நிறம், எள்ளைவிடப் பெரிசு, நல்ல கொழுத்த பேன். இடுக்கியில் எடுத்துக் குழாயில் போட்டு மூடினாள்.

“டீச்சர், நான் ஒண்ணு கேக்கட்டா? எம்மாட்டுப் பேனு அந்த பேங்க்காரு வூட்டுப் பொண்ணு தலைல ஏறிச்சாமே, எந்த ஏணி வெச்சு ஏறிச்சாம்?”

“காக்கா தூக்கிண்டு போச்சாம்.”

“ஐய! இருவத்தாறு வருசமா இதுங்ககூடதான் கீறேன். இதுங்க மடியிலதான் என் தலை. பேனு என் மேல ஏறும், ஒரு சுத்து சுத்தும், புடிக்க ஒண்ணும் இல்லாத பேஜாராயி உழுந்துடும். ஒரு நாளு தங்கினதில்ல.”

அபிதம் நிமிர்ந்து பார்த்தாள். புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குச் சொல்லியிருப்பதை இவள் சாணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொல்கிறாள்.

எருமைப் பேன் ஆயிற்று. இனி ஒப்பிட்டுப் பார்க்க மனிதப் பேன் வேண்டும். நேராக ராஜகோபாலன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவள் அவர் மனைவி திரிபுரசுந்தரி.

“கிருபா தலையிலேர்ந்து ஒரே ஒரு பேன் வேணும். இப்பவே போயிடறேன்.”

திரிபுரசுந்தரிக்கு முகம் சிவந்துவிட்டது. “எங்காத்துல பேனா? என்ன வார்த்தை மாமி இது!”

“அப்போ மனு?”

“மனு வேற. எங்காம் வேற.”

கதவு சாத்திக்கொண்டது. அடுத்து எட்டு வீடுகள் ஏறி இறங்கினாள். எருமையால் பேன் பரவியதற்கு எட்டு வீடும் சாட்சி. பரவிய பேன் ஒரு வீட்டிலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நூறு தலை இருந்தது. ஆனால் வழக்கு லலிதா நகர்ப் பேனைப் பற்றியது, அதற்குக் குரோம்பேட்டைப் பேனைச் சாட்சிக்குக் கூப்பிட அவளுக்கு மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை தாம்பரம் பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கும்போது யாரோ முழங்கையைத் தொட்டார்கள். கிருபா. தட்டெழுத்து வகுப்புக்குப் போகிறவள். கையில் ஒரு தீப்பெட்டி.

“மாமி, இதுல ஆறு இருக்கு. போதுமா? அம்மாகிட்டச் சொல்லிடாதீங்கோ.”

“ஏண்டி, உனக்கு எதுக்கு இந்த வேலை?”

“அப்பா அந்த மாட்டையெல்லாம் விரட்டப் பார்க்கறார். பாவம், அது என்ன பண்ணித்து? அரிக்கறது என் தலை, எனக்குத் தெரியாதா யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு? சேலம் சித்தி பொண்ணு கொண்டு வந்தா.” சொல்லிவிட்டு அவள், வந்து நின்ற ரயிலில் ஏறிக் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளையார் கோவிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் சங்கக் கூட்டம். பள்ளி நுண்ணோக்கியைத் தலைமையாசிரியையிடம் எழுதிக் கொடுத்து வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள் அபிதம். எதிர் சீட்டுக்காரர் அது குழந்தையா என்று எட்டிப் பார்த்தாராம். கூட்டத்துக்கு அதைத் தூக்கி வந்தவர் பட்டாபிராமன். முப்பது வருஷ உத்தியோகத்தில் செய்யாத துணிச்சலான காரியம்.

“ஒவ்வொருத்தரா வந்து பாருங்கோ” என்றாள் அபிதம். “இது எருமைப் பேன். காலைப் பாருங்கோ, நுனியில கொக்கி மாதிரி நகம். அந்த வளைவுக்குள்ள எருமை மயிர்தான் கச்சிதமாப் பிடிபடும். அளவெடுத்துத் தைச்ச ரவிக்கை மாதிரி. இதோ இது நம்ம தலைப் பேன். சின்ன நகம், நம்ம முடிக்குன்னே. எருமைப் பேனை நம்ம தலையில விட்டா வழுக்கி விழுந்து செத்துப் போயிடும். பட்டினியா ரெண்டு நாள் தாங்காது.”

“சந்தர்ப்பம் கிடைச்சா மாறிக்காதோ?” என்றார் ராஜகோபாலன்.

“குயில் காக்கா கூட்டுலயே வளர்றது. தினமும் காக்கா வந்து ஊட்டறது. அதுக்கே காக்காப் பேன் ஒட்டிக்கலை. ரெண்டு தெரு தள்ளி இருக்கற எருமையோட பேன் உங்காத்து மாடி ஏறி வருமா?”

“பின்னே இந்தப் பேன் எங்கேர்ந்துதான் வந்தது?”

அந்தக் கேள்விக்காகவே இருபத்தோரு வருஷமாகக் காத்திருந்தவள் போல அபிதம் நிமிர்ந்தாள். “வரவே இல்லை சார். கூடவே இருக்கு. மனுஷாளும் சிம்பன்ஸியும் ஒரே வம்சமா இருந்த காலத்துல பேனும் ஒரே பேன். ஐம்பது லட்சம் வருஷத்துக்கு முன்னாடி நாம வழி பிரிஞ்சோம். பேனும் பாகப்பிரிவினை பண்ணிண்டு, பாதி அவாளோட போச்சு, பாதி நம்மளோட வந்தது. அதுக்கும் இதுக்கும் இன்னிக்கும் முகஜாடை உண்டு. காட்டுல, குகையில, சோழன் காலத்துல, வெள்ளைக்காரன் காலத்துல எல்லாம் நம்ம தலையை விட்டு இறங்காம லலிதா நகர் வரைக்கும் வந்திருக்கு.”

இந்த இடத்தில் ஒரு சின்ன ‘ஆஹா’ வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்தது வேறு.

“குரங்குப் பேன்னு சொல்றாளா?” என்றது ஒரு குரல்.

“நம்ம வம்சத்தையே குரங்குங்கறா.”

“ஒரு நிமிஷம்” என்று ராஜகோபாலன் கையை உயர்த்தினார். “மாமி, அது நம்ம தலைப் பேன்னு சொன்னேள். யாராத்துப் பேன்?”

சொறிந்துகொண்டிருந்த கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் மடிக்கு இறங்கின. பெண்கள் வரிசையில் கடைசியில் கிருபா தன் பின்னலை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஒரு பெயரைச் சொன்னால் போதும், கேஸ் அங்கேயே முடிந்துவிடும். ராஜகோபாலன் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆவணியில் வரவிருந்த சம்பந்தத்தையும் அதே பையில் வைக்க வேண்டியிருக்கும்.

“சொல்ல மாட்டேன்” என்றாள் அபிதம்.

“பார்த்தேளா, ஆதாரமே இல்லை!” என்றார் ராஜகோபாலன், நிம்மதியாக.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தாயாரம்மாள் யார் கூப்பிடுவதற்கும் காத்திராமல் உள்ளே வந்து, நுண்ணோக்கியில் ஒற்றைக் கண்ணை வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அடேங்கப்பா! எம்மாட்டோடதுதான். நண்டாட்டம் கீது.” பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினாள். “எம்மாட்டுப் பேனுக்கு மானம் கீது சார். அடுத்தவன் வூட்டுக்குப் போவாது.”

அதற்கு மேல் கூட்டம் தீர்மானத்துக்குப் போவதுதான் கௌரவம். லலிதா நகரில் யாருக்கும் பேன் இல்லை, எருமைக் கொட்டகையைத் துர்நாற்றத்தின் பேரில் அகற்றக் கோருவது, என இரண்டு தீர்மானம். மூக்குக்கு நுண்ணோக்கி கிடையாது என்பது ராஜகோபாலனுக்குத் தெரிந்திருந்தது. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார், மோந்து பார்த்தார், தாயாரம்மாள் கொடுத்த மோரைக் குடித்தார், இதைவிட மோசமான இடமெல்லாம் பார்த்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். கொட்டகை இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆவணியில் கிருபாவைப் பெண் பார்க்க வந்தார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி, பாட்டு எல்லாம் ஆயிற்று. பேச்சுக்கு நடுவே பிள்ளையின் அம்மா கொண்டை ஊசியை உருவி, கொண்டைக்குள் விட்டுச் சுகமாகக் கிளறிக்கொண்டாள். திரிபுரசுந்தரி அதைப் பார்த்தாள். ‘இடம் நமக்குப் பொருத்தமான இடம்’ என்று அன்று மாலையே முடிவாகிவிட்டது.

அபிதத்தை மட்டும் யாரும் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்குக்கும் அழைக்கவில்லை. கொலு பொம்மைகளையாவது குரங்கு என்று சொல்லாமல் இருப்பாளா என்ற பயம் இருக்கலாம். ஒன்பது நாளும் மாலையில் பட்டுப்புடவைகள் தன் வாசலைத் தாண்டிப் போவதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மனசுக்குக் கஷ்டமா இருக்கா?” என்று கடைசி நாள் கேட்டார் பட்டாபிராமன்.

“சுண்டல் போனா போறது” என்றாள். ஆனால் அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். சங்கப் பொருளாளரின் மனைவி, சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு. “மாமி, எங்களுக்கில்லை, பக்கத்தாத்துக் குழந்தைக்குத்தான். இருந்தாலும் இவளையும் ஒரு தடவை பார்த்துடுங்கோளேன்.” அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், பொருளாளர் வீட்டுக் குழந்தைக்காகக் கேட்டுக்கொண்டு. பிறகு வரிசையாக வந்தார்கள். வாசலில் அபிதத்தைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும் காலனி முழுவதும் கொல்லைப் பக்கமாகத் தலையைக் கொடுத்தது. வேப்பெண்ணெய், நல்ல பேன் சீப்பு, வெள்ளைத் துணி, பொறுமை. வேறு மந்திரம் ஒன்றுமில்லை. சீப்பில் வந்ததில் ஒன்றிரண்டைக் குழாயில் போட்டுத் தேதி எழுதிக்கொள்வாள், பெயர் எழுத மாட்டாள். பேனே இல்லாத லலிதா நகரிலிருந்து அவள் சேர்த்த பேன்கள் மட்டும் இரண்டு வருஷத்தில் நூற்றுப் பத்துக் குழாய்.

அதோடு விட்டாளா? மறுபடியும் செத்த பறவைகளைச் சேர்க்க ஆரம்பித்தாள். தாயாரம்மாளே காக்கை, குயில் விழுந்தால் முறத்தில் மூடி வைத்துச் சொல்லி அனுப்புவாள். பதினொரு குயில்கள் சேர்ந்ததும் அபிதம் இரண்டு பக்கக் கட்டுரை எழுதிப் பூச்சியியல் இதழ் ஒன்றுக்கு அனுப்பினாள். தொண்ணூற்றிரண்டில் அச்சாயிற்று. பெயருக்கு முன்னால் ‘திரு’ போட்டிருந்தார்கள். செக்கோஸ்லோவாகியாவில் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து, குயில் பேன் சில அனுப்ப முடியுமா என்று கடிதம் வந்தது. அனுப்பினாள். நன்றிக் கடிதம் வருவதற்குள் அந்தத் தேசம் இரண்டாகப் பிரிந்து, தபால்தலை மாறிவிட்டது. அபிதம் அந்த உறையை வெகுநாள் மேஜை மேல் வைத்திருந்தாள். பட்டாபிராமன் டெண்டர் அறிவிப்பை விட்டுவிட்டு அந்தக் கட்டுரையை முழுசாகப் படித்தார். ஒன்றும் புரியவில்லை என்றார். நன்றாயிருக்கிறது என்றும் சொன்னார்.

காலனி சாதிக்க முடியாததைக் கடைசியில் ஒரு பில்டர் சாதித்தார். தொண்ணூற்றைந்தில் கொட்டகை மனைக்கு விலை பேசி, இரண்டு ஃபிளாட்டும் தருவதாகச் சொன்னார். தாயாரம்மாளுக்கு முட்டி வலி. அவள் மகன் சிட்டிபாபுவுக்குச் சாணி என்றாலே ஆகாது. சரி என்றுவிட்டாள். மாடுகளைத் திருவள்ளூர்ப் பக்கம் கொண்டுபோக வண்டி வந்த காலையில் அபிதம் பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். ஒவ்வொரு எருமையின் காதடியிலும் தேடி, ஐந்து குழாய் நிரப்பினாள்.

“இன்னாத்துக்கு டீச்சர்? நீதான் எப்பவோ புடிச்சு வெச்சிருக்கியே.”

“மாடு போனா அதோட இதுவும் போயிடும் தாயாரம்மா. இந்தப் பக்கத்துல இனிமே எருமை ஏது?”

“போனா போவுது. ஊருல அதுக்கும் ஒருத்தி அழுவுறா பாரு.” சிரித்துக்கொண்டே சொன்ன தாயாரம்மாள், வண்டி திரும்பும்போது கடைசி எருமையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வண்டி முக்குத் திரும்பும் வரைக்கும் அபிதம் பக்கத்திலேயே நின்றாள்.

தொண்ணூற்றொன்பதில் அபிதம் ஓய்வு பெற்றாள். அறுநூற்றுப் பன்னிரண்டு குழாய்களை வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லாமல் நகரத்தில் ஒரு கல்லூரிக்குக் கொடுத்தாள். துறைத் தலைவர் சால்வை போர்த்தினார். உயிரினப் பாரம்பரியம் என்று அரைமணி நேரம் பேசினார். குழாய்களை ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். மூன்றாம் மாதம் அவள் போய்க் கேட்டபோது சாவியைக் காணோம் என்றார்கள். யாரிடம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு கமிட்டி போடலாம் என்றும் சொன்னார்கள்.

அபிதம் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து பூட்டுக்காரர் ஒருவரை ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு போய், கள்ளச்சாவி போட்டாள். வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை, காலை ஒன்பதே காலுக்குக் கையில் ஒரு ஸ்பிரிட் பாட்டிலுடன் போகிறாள். ஆவியாகிக் குறைந்த குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, நிரப்பி, மூடி, பழைய இடத்திலேயே வைக்கிறாள். இது வரைக்கும் யாரும் அவளை என்ன என்று கேட்கவில்லை.